கரட்டூர் நாய்களின் தாகம்

டாக்டர் குணவதி ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட மூன்றாம் நாள் காலை, ஆய்வுக்கூடத்து எரியுலையில் சாம்பலாகிப்போன ஆறு நாய்களும் கரட்டூர் பைபாஸ் வழியாக வரிசையாக நடந்து வந்து கம்பெனி கேட்டுக்கு முன்னால் நின்றன. வாட்ச்மேன் அங்கமுத்து ரிஜிஸ்டரைப் பிரித்து, நேரம் ஏழு இருபது, வாகனம் இல்லை, நாய் ஆறு, வந்த காரணம் தண்ணீர் என்று எழுதிக்கொண்டு, குழாயடியில் கிடந்த பக்கெட்டை நிரப்பி அவற்றின் பக்கம் காலால் தள்ளிவிட்டார். பக்கெட் காலியானது. மறுபடி பிடித்து வைத்தார், அதுவும் காலியானது. ஏழாவது பக்கெட்டில் அவருக்குத் தோள்பட்டை வலித்தது, அதைத் தவிர அந்தக் காலையில் குறை சொல்ல அவருக்கு ஒன்றும் இல்லை.

அந்தக் கம்பெனியில் நடந்த வேலை இதுதான். புது மருந்து மனுஷர் வயிற்றுக்குள் போவதற்கு முன்னால் எலிக்கும் நாய்க்கும் கொடுத்துப் பார்ப்பார்கள். கொடுக்கிற நாள் முடிந்ததும் எல்லாவற்றையும் ஊசி போட்டுத் தூங்க வைத்து, ஈரல், இருதயம், கிட்னி என்று ஒவ்வொன்றையும் வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைத்து, மருந்து உள்ளே என்ன செய்தது என்று ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். பார்த்துச் சொல்கிறவள் குணவதி. நாமக்கல் கோழிப்பண்ணைகளில் சாக்குச் சாக்காகச் செத்து வந்த கோழிகளை அறுத்து நோய் சொல்லிக்கொண்டிருந்த கால்நடை மருத்துவர், அந்தக் கண்ணையே சொத்தாக எடுத்துக்கொண்டு வந்து, கல்யாணம் காட்சி என்று எதற்கும் நேரம் ஒதுக்காமல், இருபத்திரண்டு வருஷம் அந்த ஒற்றைக் குழாய்க்குள் குனிந்து பார்த்துக் கழுத்தெலும்பு தேய்ந்தவள். ஈரலில் ஒரு செல் முகம் சுளித்தால்கூட அவளுக்குத் தெரியும் என்று கம்பெனியில் சொல்வார்கள். அவள் சொல்லி நின்றுபோன மருந்துகள் பதினொன்று. அந்தப் பதினொன்றும் யார் வயிற்றுக்கும் போகவில்லை என்பதால் அவளுக்கு நன்றி சொல்லவும் யாரும் இல்லை.

இந்த ஆறு நாய்களும் மூட்டுவலிக்கான வெள்ளை மாத்திரைக்காக வளர்க்கப்பட்டவை. ஐந்து நாய்கள் மூன்று மாதம் மருந்து தின்றவை. ஆறாவதாக நின்ற நாயின் காதில் ஏழு என்று பச்சை குத்தியிருந்தது. அது மருந்தே தின்னாத கூட்டத்தைச் சேர்ந்தது. அதற்கு வெறும் கேப்ஸ்யூல் மட்டும் கொடுத்து, மருந்து தின்ற நாயையும் தின்னாத நாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் பார்ப்பார்கள். அந்த ஏழாம் நம்பரால்தான் எல்லாம் வந்தது.

நாய்களைப் பார்த்துக்கொண்டவள் பாவாயி. ஐம்பது வயது, கூண்டுத் தரையைக் குந்தி உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்து இரண்டு முட்டியும் போனவள். நாய்க்குப் பேர் வைக்கக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம், அவள் எல்லாவற்றுக்கும் பேர் வைத்திருந்தாள். ஏழாம் நம்பரும் பத்தொன்பதாம் நம்பரும் ஒரு வயிற்றில் பிறந்தவை, வேறு வேறு கூட்டத்தில் சேர்த்துவிட்டதால் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று அழுதவை. அது பொறுக்காமல் பாவாயி சாப்பாட்டு நேரத்தில் யாரும் பார்க்காதபோது இரண்டையும் ஒரே கூண்டில் விட்டாள். மருந்து தின்ற பத்தொன்பது அங்கே தினமும் வாந்தி எடுத்தது. ஏழு அதை நக்கித் தின்றது. நாய் அப்படித்தான் செய்யும், அதற்குக் கூட்டம் தெரியாது, ஆய்வும் தெரியாது.

மூன்று மாதம் முடிவதற்குள் பாவாயியே ஒருநாள் குணவதியிடம் வந்து சொன்னாள். "டாக்டரம்மா, கோவிச்சுக்காதீங்க. இதுங்க அஞ்சும் ரொம்பத் தண்ணி குடிக்குதுங்க, ஊத்தி மாளலீங்க. அந்த ஏழும் அப்படித்தான் குடிக்குது. நாந்தான் தொறந்து உட்டேன், வாந்தியத் தின்னுபோட்டுது. எழுதிக்கோணும்னா எழுதிக்கோங்க."

"பாவாயக்கா, இத வேற யாருகிட்டயும் சொல்லாதீங்க. வேல போயிரும்" என்றாள் குணவதி. எழுதிக்கொள்ளவும் இல்லை.

பிறகு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். ஐந்து நாய்களின் கிட்னியிலும் நுண்குழாய்கள் வீங்கி, உள்ளிருந்த செல்கள் செத்து உதிர்ந்து கிடந்தன. ஏழாம் நம்பரின் கிட்னியும் அப்படியே. அவள் அதை எழுதினாள். அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: ஒருவர் பார்த்ததை இன்னொரு நிபுணர் பார்த்து ஒத்துக்கொண்ட பிறகுதான் கையெழுத்து, அதுவரை எழுதியதெல்லாம் கிறுக்கல் என்றுதான் கணக்கு, இரண்டு பேரும் ஒத்துப்போனதும் கிறுக்கலை எந்திரத்தில் போட்டு நறுக்கிவிட்டு, கையெழுத்திட்ட தாளை மட்டும் சாட்சியாக வைத்துக்கொள்வார்கள். இதில் களவு எதுவும் இல்லை, விதியே அதுதான்.

இரண்டாவதாகப் பார்க்க பெங்களூரிலிருந்து டாக்டர் ரங்கநாத் ராவ் வந்தார், காபி குடித்தார், ஸ்லைடுகளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குணவதி, உங்க கண்ண நான் சந்தேகப்படல. கிட்னி கெட்டிருக்கு, ஒத்துக்கறேன். ஆனா மருந்தே சாப்பிடாத ஏழாம் நம்பர்லயும் அதேதான இருக்கு? அப்ப இது இந்தக் குட்டிங்களோட பிறவிக் கோளாறு. மருந்து மேல எதுக்குப் பழி?"

ஒரே வரியில் பதில் இருந்தது. வாந்தி என்று சொன்னால் போதும். சொன்னால் யார் திறந்துவிட்டது என்று கேட்பார்கள், பாவாயி அன்று சாயங்காலமே வெளியே நிற்பாள். பாவம், ஏழைப் பொம்பளை, முட்டி வேறு போயிற்று, இந்த வயதில் வேறு வேலைக்கு எங்கே போவாள். அப்படித்தான் குணவதி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அந்த மாதக் கடைசியில் துறைத் தலைவர் நாற்காலி காலியாகவிருந்தது என்பதையும், அந்த மாத்திரை ஒழுங்காக வெளியே போனால்தான் அந்த நாற்காலி அவளுக்கு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அதை மறைத்தால் கதை சொல்கிறவனும் அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவன் ஆகிவிடுவான். அவள் கிறுக்கலை நறுக்கினாள். 'மருந்தால் ஏற்பட்ட மாற்றம் எதுவும் இல்லை' என்று தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டாள். மூன்றாம் நாள் நாய்கள் வந்தன.

உடம்பில் வெட்டிய தடம்கூட இல்லை. காகிதத்தில் கோளாறு இல்லை என்று ஆனபின் உடம்பில் எப்படி இருக்கும்? அலமாரியில் ஃபார்மலின் போட்டு வைத்திருந்த ஜாடிகளைத் திறந்து பார்த்தார்கள், வெறும் ஃபார்மலின் இருந்தது. தாகம் ஒன்றுதான் போகவில்லை. தாகத்தை முதலிலிருந்தே யாரும் எழுதவில்லை, எழுதாததை அடித்துவிடவும் முடியாதல்லவா.

நிர்வாக மேனேஜர் வரதன் விலங்கு இருப்பு நோட்டைப் பார்த்துவிட்டு, ஆய்வு முடிந்தது, விலங்கு இருப்பு பூஜ்யம் என்று இருக்கிறது, இருப்பு பூஜ்யமாக இருக்கும்போது உள்ளே ஆறு நாய் இருந்தால் ஆடிட்டில் மாட்டிக்கொள்வோம், ஊருக்குள் துரத்து என்றார். அப்படித்தான் அவை ஊருக்கு வந்து சேர்ந்தன.

கரட்டூரில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் குழாயில் தண்ணீர். அந்த ஊருக்குள் ஆறு தீராத தாகம் நுழைந்தது. முதல் வாரம் கல்லால் அடித்தார்கள், அடி வாங்கிக்கொண்டே குடித்தன. இரண்டாம் வாரம் பாவாயி டீக்கடையில் நின்று, இதுங்க செத்த நாய்ங்க, எங்கையாலதான் ஒல வரைக்கும் தூக்கிட்டுப் போனேன், டாக்டரம்மா ஒண்ணுமில்லைன்னு எழுதிப்போட்டாங்க, எந்திரிச்சு வந்துட்டுதுங்க என்று சொன்னாள். ஊர் அதைக் கேட்டுக்கொண்டு டீயைக் குடித்து முடித்தது. மூன்றாம் வாரம் யாரோ பொட்டு வைத்தார்கள். நான்காம் வாரம் பஞ்சாயத்தில், ஒரு நாளைக்கு ஒரு தெரு என்று முறை வைத்து நாய்களுக்குத் தண்ணீர் ஊற்றுவது என்றும், முறை தவறுகிற தெருவுக்கு லாரித் தண்ணீர் கிடையாது என்றும் தீர்மானம் போட்டார்கள். நாய்கள் ஊர்த் தொட்டியிலும் குடித்தன, காலனித் தொட்டியிலும் குடித்தன. காலனியில் வாய் வைத்துவிட்டு ஊருக்கு வந்து வாய் வைக்கிறதே என்று பெரிய சண்டை வந்து, தாசில்தார் வரைக்கும் போய், கடைசியில் நாய்களுக்கென்று சந்தைத் திடலில் ஒரு தனித் தொட்டி கட்டினார்கள். செத்துப் பிழைத்து வந்த பிராணிக்கும் கரட்டூர் அந்த மரியாதையைச் செய்யாமல் விடவில்லை.

அவை குரைப்பதில்லை, தின்பதில்லை, குட்டி போடுவதில்லை, வயதாவதில்லை. குடித்தன, குடித்ததை உடனே கழித்தன, கழித்த இடத்தில் புல் கருகியது, மறுபடி குடிக்க வந்தன. வெளியூரிலிருந்து பஸ் பிடித்து ஜனங்கள் வந்தார்கள். பிள்ளை இல்லாதவர்கள் தொட்டியைச் சுற்றினார்கள், பரீட்சை எழுதுகிறவர்கள் ஹால் டிக்கெட்டை நாயின் நெற்றியில் தொட்டு எடுத்தார்கள், தண்ணீர்ப் பாட்டில் விற்கிற கடைகள் பதினான்கு முளைத்தன. சுற்றுப்பட்டில் எது செத்தாலும் குணவதியின் குவார்ட்டர்ஸ் வாசலில் கொண்டுவந்து கிடத்தினார்கள். செத்த வெள்ளாடு, செத்த சேவல், ஒரு தடவை செத்த காளையை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து ஒருவன், "ஏனுங்கம்மா, ஒரே ஒரு கையெழுத்துங்க, ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுங்க, எங்க ஊட்டுக்கு இது ஒண்ணுதானுங்க" என்று நடுத்தெருவில் விழுந்து அழுதான். அவளுக்கு மனசு கேட்கவில்லை. வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். காளை எழுந்திருக்கவில்லை. சீல் இல்லை, ஃபைல் நம்பர் இல்லை, எப்படி எந்திரிக்கும் என்று ஊர் அவளையே சமாதானப்படுத்தியது.

கையெழுத்திட்ட ரிப்போர்ட்டை யாராலும் கிழிக்க முடியாது. ஆனால் அதை எழுதியவர், காரணம் காட்டி, தேதி போட்டு, திருத்தம் என்று ஒரு தாளைச் சேர்க்கலாம். எத்தனை வருஷம் கழித்தும் சேர்க்கலாம். அந்தத் தாள் மேலே போனால் மாத்திரை நிற்கும், அவள் வேலையும் போகும். எழுதியதால் எழுந்தவை திருத்தினால் படுத்துவிடும் என்பது யாரும் சொல்லாமலே ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முதல் வருஷம் நாற்காலி புதிது என்பதால் அவள் எழுதவில்லை. இரண்டாம் வருஷம் பஞ்சாயத்துத் தலைவரே தாம்பூலத் தட்டோடு வந்து, கேள்விப்பட்டோமுங்க, திருத்தம் கிருத்தம்னு எதும் எழுதிப்போடாதீங்க, ஊரே இப்பத்தான் சோறு திங்குது என்று சொல்லிவிட்டுப் போனார். அவளுக்கு அது வசதியாக இருந்தது. மூன்றாம் வருஷம் மாத்திரை மனுஷர்களிடம் சோதிக்கப்பட்டுக்கொண்டிருந்தது, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டாள். தினமும் காலையில் காரில் போகும்போது சந்தைத் திடலில் ஆறு முதுகுகள் தொட்டிக்குள் குனிந்திருப்பதைப் பார்ப்பாள். கண்ணாடியை ஏற்றிக்கொள்வாள்.

மாத்திரை கடைக்கு வந்தது. அதை விற்க வந்த பிரதிநிதிகள் ஜில்லா முழுக்க இருந்து டாக்டர்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து நாய்களைக் காட்டினார்கள். இந்த மாத்திரையத் தின்ன நாய்ங்கதான் சார், நாலு வருஷமாகப் போகுது, பாருங்க எப்படி நிக்குதுங்க. டாக்டர்கள் நாய்களோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போய் எழுதிக் கொடுத்தார்கள். கரட்டூரில் எழுதிக் கொடுத்தவர் டாக்டர் நல்லசிவம், சொந்த ஆஸ்பத்திரி வைத்திருந்தார், ஏழைகளிடம் பாதி வாங்குகிறவர், முகம் கோணாமல் பேசுகிறவர், யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். குந்திக் களை எடுக்கிறவர்கள், தறியில் மிதிக்கிறவர்கள், கூண்டு கழுவுகிறவர்கள் என்று முட்டி போனவர்கள் அந்த ஊரில் ஏராளம்.

பாவாயி நான்கு நாள் வேலைக்கு வரவில்லை என்று கேள்விப்பட்டு ஒரு மத்தியான வேளையில் குணவதி அவள் வீட்டுக்குப் போனாள். பாவாயி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. பக்கத்தில் குடம், குடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு குடம். மாடக்குழியில் மாத்திரை அட்டை இருந்தது. குணவதிக்கு ஸ்லைடு வேண்டியிருக்கவில்லை.

"எத்தன நாளா சாப்பிடறீங்க?"

"ஆறு மாசமாச்சுங்கம்மா. முட்டி பஞ்சாட்டம் ஆயிப்போச்சுங்க. தண்ணிதான் தவிக்குது. வெயிலுனாலயாட்ட இருக்குதுங்க."

குணவதி அட்டையை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, வெறும் தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள். கிட்னியில் பார்த்ததைச் சொன்னாள், ராவ் கேட்டதைச் சொன்னாள், வாந்தியைச் சொல்லாமல் விட்டதைச் சொன்னாள். "உங்க வேல போயிரும்னுதான் பாவாயக்கா" என்றாள். சொல்லும்போதே நாக்கு கூசியது.

பாவாயி சுவரை விட்டு நிமிர்ந்தாள். "எம்பட வேலைய நீங்க காப்பாத்துங்கன்னு நான் கேட்டனுங்களா? எழுதிக்கோங்கன்னுதானுங்களே அன்னிக்குச் சொன்னேன்?"

"இன்னிக்கே திருத்தம் எழுதறேன்."

"எழுதுனா அதுங்க?"

"படுத்துரும்."

பாவாயி குடத்தைத் தள்ளிவிட்டு, வீங்கின காலோடு நகர்ந்து வந்து, குணவதியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "வேண்டாமுங்க. ஒருக்கா ஒலையில போட்டது போதுமுங்க. நான் பொழைச்சாலும் பொழைக்கிறேன், போனாலும் போறேன். அதுங்களாச்சும் நடமாடிட்டு இருக்கட்டும். எனக்காவ எழுதாதீங்க."

அந்த நேரம் குணவதியின் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்தது. சாகப்போகிற பொம்பளை கையைப் பிடித்துக் கேட்கிறாள், மறுக்க முடியுமா என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்காக அவள் தன்னைப் பிற்பாடு மன்னிக்கவே இல்லை, மன்னிக்கக் கூடியதும் அல்ல அது. பாவாயியைக் காரில் ஏற்றி நல்லசிவத்தின் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள், மாத்திரையை நிறுத்தச் சொன்னாள், கிட்னியைப் பாருங்கள் என்று சொன்னாள். திருத்தம் எழுதவில்லை.

பதினெட்டாம் நாள் பாவாயி செத்துப்போனாள். மாத்திரைக் கம்பெனியின் பிரதிநிதி துக்கம் விசாரிக்க வந்த கையோடு ஒரு படிவமும் கொண்டுவந்தான். இறந்தவர் எங்கள் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார், ஆகவே சிகிச்சை செய்த டாக்டர் பூர்த்தி செய்ய வேண்டும். கிட்னி பழுது உண்டா என்று ஒரு கேள்வி, மாத்திரையோடு தொடர்பு உண்டா என்று இன்னொரு கேள்வி. நல்லசிவம் பேனாவைத் திறந்தார். அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தது அவருடைய கை, இன்னும் முந்நூறு பேருக்கு எழுதிக் கொடுத்திருப்பதும் அதே கை. முதல் கேள்விக்கு இல்லை என்று எழுதினார், இரண்டாவது கேள்விக்கும் இல்லை என்று எழுதினார், மாரடைப்பு என்று போட்டு, கையெழுத்திட்டு, சீல் வைத்தார். அந்தப் படிவத்துக்கு ஃபைல் நம்பரும் இருந்தது.

எரித்த மூன்றாம் நாள் பால் தெளிக்கப் போனார்கள். பாவாயி சுடுகாட்டுத் திட்டில் உட்கார்ந்திருந்தாள். மகன் பழனியப்பன் கையிலிருந்த பால் சொம்பை வாங்கி ஒரே மடக்கில் குடித்தாள், இளநீரைக் குடித்தாள், கும்பத்துத் தண்ணீரைக் குடித்தாள், பிறகு வீட்டுக்குப் போலாம் கண்ணு என்று எழுந்தாள். காலில் வீக்கம் இல்லை, முட்டியில் வலி இல்லை. மருமகள் ஓரம்பரை விருந்துக்கு என்று வைத்திருந்த அண்டாவை நிரப்பி மூலையில் வைத்தாள். ரேஷன் கார்டில் பேரை எடுத்துவிட்டார்கள், அதனால் அரிசி கிடையாது. அவள் சாப்பிடுவதும் இல்லை என்பதால் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பஞ்சாயத்து, தண்ணீர் முறையில் அவள் பேரையும் சேர்த்தது.

எட்டாம் நாள் காலை பாவாயி குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றாள். குணவதி ஒரு பக்கெட் கொண்டுவந்து வைத்தாள், பாவாயி குனிந்து வாய் வைத்தே குடித்தாள், கை வைத்துக் குடிக்க அவளுக்குப் பொறுமை இல்லை. குடித்து நிமிர்ந்தாள்.

"எழுதிருங்கம்மா" என்றாள்.

"பாவாயக்கா..."

"நான் பாவி. நாலு வருசமா அதுங்க பக்கத்துல நின்னு, எஞ்செல்வங்க உசுரோட இருக்குதுன்னு பூரிச்சுப்போயிட்டு இருந்தனுங்க. இது உசுரு இல்லீங்கம்மா. தொண்டைக்குள்ள அடுப்பு எரியுது. ஆறே வந்தாலும் அணையாது. இத வாயில்லாத சீவனுங்க நாலு வருசமாப் பொறுத்துக்கிட்டு நின்னிருக்குதுங்க. நாந்தான் எழுதாதீங்கன்னு கையப் புடிச்சேன். அதுங்களப் படுக்க உடுங்க. என்னயும் படுக்க உடுங்க."

குணவதி அன்று காலை பத்து மணிக்கு ஆபீசில் உட்கார்ந்து திருத்தம் எழுதினாள். ஆறு கிட்னிகளையும் எழுதினாள், வாந்தியை எழுதினாள், தாகத்தை எழுதினாள், தெரிந்தே மறைத்தேன் என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, டெல்லியில் மருந்துக்கு அனுமதி கொடுக்கிற ஆபீசுக்கு ஒன்றும் மாத்திரைக் கம்பெனிக்கு ஒன்றும் அனுப்பினாள். சந்தைத் திடலில் நாய்கள் தொட்டியிலிருந்து தலையை எடுத்தன. ஏழும் பத்தொன்பதும் ஒன்றின் மேல் ஒன்று தலை வைத்துப் படுத்தன, மற்ற நான்கும் சுற்றிப் படுத்தன, கொஞ்ச நேரத்தில் அங்கே ஆறு பிடி சாம்பல் கிடந்தது, காற்று வந்து அதையும் கொண்டுபோனது.

ஊர் அவளைச் சும்மா விடவில்லை. நாயைக் கொன்னவ என்று குவார்ட்டர்ஸ் கண்ணாடியை உடைத்தார்கள், பதினான்கு பாட்டில் கடைக்காரர்களும் வந்து மண் வாரித் தூற்றினார்கள். கம்பெனி அவளை அன்றே வெளியே அனுப்பியது. மாத்திரை மூன்று மாதத்தில் கடைகளிலிருந்து மறைந்தது, விற்பனைக் காரணங்களால் நிறுத்தப்படுகிறது என்று ஒரு சின்ன அறிவிப்பு வந்தது. அதில் கிட்னி என்ற சொல் இல்லை. ஆக, யாரும் தப்பு செய்ததாக எங்கும் எழுதப்படவில்லை.

பாவாயி மட்டும் படுக்கவில்லை. குணவதி எழுதிய திருத்தம் குணவதி எழுதிய ரிப்போர்ட்டைத்தான் திருத்தும். பாவாயியின் தாள் நல்லசிவத்தின் கையெழுத்து.

அன்றிலிருந்து பாவாயி தினமும் காலை ஆஸ்பத்திரி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். நல்லசிவம் அவளைத் துரத்தவில்லை, மின்விசிறிக்குக் கீழே இடம் போட்டுக் கொடுத்தார், ஒரு டிரம் தண்ணீர் வைத்தார், ஃபைலைப் பார்க்கிறேன் என்று தினமும் சொன்னார். அந்த வருஷத்துக்குள் பெஞ்சில் இன்னும் ஒன்பது பேர் வந்து சேர்ந்தார்கள், எல்லோரும் முட்டிவலிக்காரர்கள், எல்லோருக்கும் மாரடைப்பு. ஆஸ்பத்திரி இன்னொரு பெஞ்ச் வாங்கிப் போட்டது. காய்ச்சலுக்கு வருகிறவர்கள் அவர்களுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து டோக்கன் நம்பரைக் கவனித்தார்கள்.

ஒருநாள் குணவதி வரிசையில் நின்று, டோக்கன் வாங்கி, உள்ளே போய் அவர் எதிரில் உட்கார்ந்தாள். "ஒரே ஒரு வரி டாக்டர். அந்த அம்மாவுக்காகக் கேக்கறேன். உங்களுக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியும், எனக்கு ஆனதுதான் ஆகும்."

நல்லசிவம் பேனாவை மூடி வைத்தார். கோபப்படவில்லை, அவருக்குக் கோபமே வராது. "உங்க வரிய எழுதறதுக்கு நீங்க எத்தன வருசம் எடுத்துக்கிட்டீங்க மேடம்?"

"நாலு."

"நான் இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கேன்" என்றார். பெல்லை அழுத்தி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

வெளியே வந்தாள். பாவாயி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். "என்னங்கம்மா சொன்னாரு? எழுதறாருங்களா?"

 குணவதி டிரம்மிலிருந்து ஒரு சொம்பு மொண்டு சாய்த்தாள். பாவாயி கையைக் குவித்துக் குடித்தாள், குடித்தாள், இன்னும் ஊற்றுங்கள் என்று கண்ணால் கேட்டுக்கொண்டே குடித்தாள்.